பிள்ளையார் எழுதிய பாரதமும் புனே தேடிய பாரதமும்

வியாசர் சொல்லச் சொல்ல, பிள்ளையார் தம் கொம்பை ஒடித்து மகாபாரதத்தை எழுதினார் என்பது நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லும் கதை. அதன் பிறகு மனிதக் கைகள் அதை எத்தனை முறை பார்த்து எழுதினவோ, கணக்கிட இயலாது.

ஏட்டுக்கு ஆயுள் குறைவு. தெற்கே பனையோலையில் எழுத்தாணியால் கீறி, கரி பூசி எழுத்தைத் துலங்கச் செய்தார்கள். காஷ்மீரத்தில் பூர்ஜ மரப்பட்டையில் மையால் எழுதினார்கள். செல்லரிக்கும் முன்னே புதுப் பிரதி எடுத்தாக வேண்டும். எடுப்பவரின் கண் ஒரு வரியைத் தாண்டிவிடும். வேறொருவர் தாம் கேட்ட கதையையும் இடையில் சேர்த்துவிடுவார். இவ்வாறு சாரதை, வங்காளி, கிரந்தம், தெலுங்கு, மலையாளம் என லிபிக்கு லிபி பாடம் வேறுபட்டது. 1834 முதல் 1839 வரை கல்கத்தாவில் முழு நூலும் முதன்முதலாக அச்சேறியது. ஆனால், அச்சேறியதாலேயே அது பழைய பாடம் ஆகிவிடுமா?

இக்கேள்விக்கு விடை காண, புனே பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சிக் கழகம் 1919-இல் ஒரு பெரும் பணியைத் தொடங்கியது. 1925-இல் அதன் பொதுப் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றவர் வி. எஸ். சுக்தாங்கர். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர் அவர். ஒவ்வொரு சுலோகத்தையும் தனித் தாளில் எழுதி, ஒவ்வோர் ஏட்டிலும் காணும் வேறுபாட்டை அதனடியில் எழுத்தெழுத்தாகக் குறித்தார்கள். ஆதிபர்வத்துக்குக் குறைந்தது 10 ஏடுகள். அதன் முதல் இரண்டு அத்தியாயங்களுக்கு மட்டும் 60 ஏடுகள். இந்த ஒப்பீட்டு வேலை சாந்திநிகேதனிலும் நம் தஞ்சாவூரிலும் நடந்தது. பணி முழுவதிலும் பார்க்கப்பட்ட ஏடுகள் 1,259.

முடிவு பலருக்கு வியப்பளித்தது. பிள்ளையார் எழுதிய கதையே பல ஏடுகளில் இல்லை! எனவே அது மூலபாடத்தில் இடம் பெறவில்லை. ஆயினும் பதிப்பாசிரியர்கள் அதை வீசி எறிந்துவிடவில்லை. பின்னிணைப்பில் அப்படியே அச்சிட்டார்கள். விலக்கிய வரிகளையும் அடிக்குறிப்பிலோ பின்னிணைப்பிலோ காட்டினார்கள். தீர்ப்பு தவறென்று கருதுபவர் தாமே சீர்தூக்கிப் பார்க்கலாம். பக்திக்கும் ஆராய்ச்சிக்கும் ஒருசேர நேர்மை செய்த வழி இது.

சுக்தாங்கர் நிறைவைக் காணவில்லை. 1943 ஜனவரியில் மறைந்தார். எஸ். கே. பெல்வல்கரும் பி. எல். வைத்யாவும் பணியைத் தொடர்ந்தார்கள். 47 ஆண்டு உழைப்புக்குப் பின், 1966 செப்டம்பர் 22 அன்று, குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முன்னிலையில் நிறைவு விழா நடந்தது.

பொருள் உணராமல் ஒரு சொல்லையும் எழுதக்கூடாது என்பது வியாசர் பிள்ளையாருக்கு விதித்த நிபந்தனையாம். அக்கதை பின்னிணைப்புக்குப் போனாலும், அந்த நிபந்தனையைப் புனே அறிஞர்கள் மீறவில்லை.