சிகாகோ ஏரிக்கரை நிலமீட்பு

சிகாகோ ஏரிக்கரை நிலமீட்பு என்பது ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் உள்ள சிகாகோ நகரில், மிச்சிகன் ஏரியின் ஓரத்தைத் தூர்த்து நிலமாக்கியதையும், அவ்வாறு உருவான நிலம் யாருக்கு உரியது என எழுந்த வழக்குகளையும் குறிக்கும். இன்று 319 ஏக்கர் பரப்புள்ள கிராண்ட் பூங்காவின் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஏரி நீராக இருந்ததாகும்.

பின்னணி

1836 ஆம் ஆண்டில் கால்வாய் ஆணையர்கள் நகர மனைகளை விற்பதற்காக ஒரு வரைபடம் தயாரித்தனர். அதில் மிச்சிகன் நிழற்சாலைக்குக் கிழக்கே இருந்த குறுகிய கரைப்பகுதி, கட்டடமோ வேறு தடையோ இன்றி என்றும் திறந்த வெளியாக இருக்க வேண்டிய பொது நிலம் என்று குறிக்கப்பட்டது. பின்னர் நடந்த வழக்குகளுக்கெல்லாம் இந்தச் சிறு குறிப்பே அடிப்படையானது.

ஏரியின் அலைகள் கரையை அரித்து வந்தன. தடுப்புச் சுவர் கட்ட நகராட்சியிடம் பணம் இல்லை. எனவே 1852 இல் இலினொய் சென்ட்ரல் தொடர்வண்டி நிறுவனத்துடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. நிறுவனம் தன் செலவில் அலைதடுப்பைக் கட்டும். அதற்கு ஈடாக ஏரிக்குள்ளேயே தூண்கள் மீது தண்டவாளம் அமைத்துக்கொள்ளும். இதனால் கரைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே அமைதியான ஒரு நீர்ப்பரப்பு உண்டானது. 1871 இல் ஏற்பட்ட பெருந்தீயில் நகரம் அழிந்தபோது, இடிபாடுகள் இந்நீர்ப்பரப்பில் கொட்டப்பட்டன. பூங்கா நிலம் இப்படித்தான் வளரத் தொடங்கியது.

இலினொய் சென்ட்ரல் வழக்கு

1869 இல் மாநிலச் சட்டமன்றம், ஆளுநரின் மறுப்பாணையையும் மீறி, நகரின் முன்னுள்ள ஏரிப்படுகையில் 1,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பை அதே நிறுவனத்துக்கு வழங்கியது. துறைமுகத்தின் எதிர்காலம் முழுவதும் ஒரு தனியார் கைக்குப் போனது என்றே சொல்லலாம். 1873 இல் சட்டமன்றம் இக்கொடையைத் திரும்பப் பெற்றது. கொடுத்ததைப் பறிக்க அரசுக்கு உரிமை உண்டா என்பது வழக்கானது.

1892 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4-3 என்ற பெரும்பான்மையில் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஃபுல்லர் முன்பு நகராட்சியின் வழக்கறிஞராக இருந்தவர். மற்றொரு நீதிபதி அந்நிறுவனத்தின் பங்குதாரர். எனவே இருவரும் வழக்கில் பங்குகொள்ளவில்லை. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீபன் ஃபீல்டு, கப்பல் செல்லும் நீர்நிலையின் அடிநிலத்தை அரசு மற்ற அரசு நிலங்களைப் போல விற்க இயலாது என்றார். மக்கள் கப்பல் செலுத்தவும் வணிகம் செய்யவும் மீன் பிடிக்கவும் அந்நிலத்தை அரசு அவர்கள் சார்பில் பொறுப்பாகவே வைத்துள்ளது. பொது நலனுக்கு உதவும் அல்லது கேடு செய்யாத சிறு பகுதிகளை மட்டுமே பிறருக்கு அளிக்கலாம். இது பொது நம்பிக்கைக் கோட்பாடு எனப்படுகின்றது. இந்திய உச்ச நீதிமன்றமும் பியாசு ஆற்றங்கரை நிலம் பற்றிய எம். சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில் (1996) இத்தீர்ப்பை எடுத்துக்காட்டி இக்கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது.

எனினும் நிறுவனம் வெறுங்கையுடன் திரும்பவில்லை. தனக்குச் சொந்தமான கரையை ஒட்டி அது ஏற்கெனவே தூர்த்திருந்த இடங்கள் பெரும்பாலும் அதனிடமே இருந்தன. அதன் தொடர்வண்டி முற்றங்கள் இருந்த இடத்தில் 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலினொய் சென்டர் எனப்படும் அலுவலகக் கட்டடத் தொகுதி எழுந்தது.

வார்டு தொடுத்த வழக்குகள்

மான்ட்கோமரி வார்டு அஞ்சல்வழி வணிகத்தில் செல்வம் ஈட்டியவர். அவருடைய அலுவலகம் மிச்சிகன் நிழற்சாலையில், பூங்காவை நோக்கி இருந்தது. பூங்காவில் குப்பையும் கொட்டகைகளும் நிறைந்திருப்பதை எதிர்த்து 1890 இல் அவர் வழக்குத் தொடுத்தார். இறுதியில் பூங்காவின் நடுவே ஃபீல்டு அருங்காட்சியகம் கட்டும் திட்டத்தையும் எதிர்த்தார். வணிகர் மார்சல் ஃபீல்டு 1906 இல் இறந்தபோது இதற்காக 80 இலட்சம் டாலர் விட்டுச் சென்றிருந்தார். நகரின் செல்வாக்குள்ளோர் பலர் வார்டை முன்னேற்றத்தின் எதிரியாகக் கண்டனர். ஆயினும் இலினொய் உச்ச நீதிமன்றம் 1836 வரைபடக் குறிப்பு தூர்த்த நிலத்துக்கும் பொருந்தும் எனத் தீர்ப்பளித்தது. அருங்காட்சியகம் பூங்காவின் தெற்கே, வேறொரு தூர்த்த நிலத்தில் 1921 இல் திறக்கப்பட்டது.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வார்டு பொதுமக்களின் பெயரில் வெல்லவில்லை. எதிரே மனை வைத்திருப்பவர் என்ற முறையில், தனக்குள்ள தனி உரிமையைக் கொண்டே வென்றார். 1890களின் தொடக்கத்தில் அமைந்த கலைக்கழகக் கட்டடம் விலக்குப் பெற்றதும் அண்டை உரிமையாளர்கள் இசைந்ததாலேயே ஆகும். 2004 இல் திறக்கப்பட்ட மில்லேனியம் பூங்காவில் ஃபிராங்க் கெரி வடிவமைத்த இசையரங்கின் உயரம் இக்கட்டுப்பாட்டில் சிக்காமலிருக்க, அது கட்டடமன்று, கலைப்படைப்பு என வகைப்படுத்தப்பட்டது!

வடக்குக் கரை

ஆற்றின் வடக்கே இத்தகைய வரைபடக் குறிப்பு இல்லை. அங்குக் கரையோர உரிமையாளர்கள் ஏரிக்கரைச் சாலை அமைக்கும் செலவை ஏற்று, சாலைக்கு உட்பட்ட தூர்த்த நிலத்தைப் பெற்றனர். 1886 இல் தன் படகு தரைதட்டிய இடத்தைச் சுற்றிச் சேர்ந்த 186 ஏக்கர் நிலம் தனக்கே உரியது என்று ஜார்ஜ் ஸ்ட்ரீட்டர் என்பவர் நெடுங்காலம் போராடித் தோற்றார். இன்று ஸ்ட்ரீட்டர்வில் என்று அவர் பெயரால் அழைக்கப்படும் அப்பகுதி, நகரில் விலை மிகுந்த வானளாவிகள் நிற்கும் இடங்களுள் ஒன்று.

அண்மைக்கால வழக்கு

2014 இல் திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் லூக்காஸ் ஏரிக்கரையில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் அருங்காட்சியகம் கட்ட முன்வந்தார். அவ்விடமும் ஏரியைத் தூர்த்து உண்டாக்கியதே. பூங்கா ஆர்வலர் அமைப்பு ஒன்று பொது நம்பிக்கைக் கோட்பாட்டைக் காட்டி வழக்குத் தொடுத்தது. நடுவண் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. 2016 இல் லூக்காஸ் சிகாகோத் திட்டத்தைக் கைவிட்டு, அருங்காட்சியகத்தை லாஸ் ஏஞ்சலசுக்குக் கொண்டு சென்றார்.