வினைல் தரை போடப் போறீங்களா? முதல்ல பசையைப் பாருங்க!

பழைய மொசைக் தரை கறை படிந்து பார்க்கவே சகிக்கவில்லை. உடைத்துவிட்டு டைல்ஸ் பதிக்கலாம் என்றால் தூசி, சத்தம், செலவு! “எதுக்கு சார் உடைக்கணும்? மேலேயே வினைல் ஷீட் ஒட்டிடலாம். காலையில ஆரம்பிச்சா சாயந்திரம் முடிஞ்சிடும்” என்கிறார் கடைக்காரர். அச்சு அசல் தேக்குப் பலகை போலவே இருக்கும் டிசைனைப் பார்த்ததும் உங்களுக்கும் ஆசை வந்துவிடுகிறது.

தாராளமாகப் போடுங்கள். ஆனால், டிசைன் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் செலவழிக்கிற நாம், ‘எதைக் கொண்டு ஒட்டப் போறீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. உடம்புக்கு உடனடித் தொல்லை தருவது பெரும்பாலும் அந்தப் பசைதான்.

நெடி சொல்லும் சேதி

சோபா கடையிலும் செருப்புக் கடையிலும் மூக்கைத் துளைக்குமே ஒரு நெடி... அதே ‘சொல்யூஷன்’தான் பல வீடுகளில் தரைக்கும் பூசப்படுகிறது. ரப்பரை டொலுவின், ஹெக்ஸேன் போன்ற கரைப்பான்களில் கரைத்துச் செய்வது இது. பசை காய்கிறது என்றால், இந்தக் கரைப்பான்கள் ஆவியாகி உங்கள் வீட்டுக் காற்றில் கலக்கின்றன என்று அர்த்தம்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கண் எரிச்சல் இவையெல்லாம் ஆரம்ப அறிகுறிகள். இந்த ஆவி காற்றைவிட சுமார் மூன்று மடங்கு கனமானது. அதனால் தரையை ஒட்டியே தங்கும். நின்றுகொண்டிருக்கும் உங்களைவிட, தரையில் தவழும் குழந்தையும், குனிந்து உட்கார்ந்து ஒட்டுகிற தொழிலாளியும்தான் இதை அதிகம் சுவாசிக்கிறார்கள்.

ஒரு நாள் வேலைதானே என்று நீங்கள் நினைக்கலாம். அவருக்கோ தினமும் இதே வேலை! 1960-களில் ஜப்பானில், வீட்டிலேயே உட்கார்ந்து செருப்பு ஒட்டும் வேலை செய்த பலருக்குக் கை, கால்கள் மரத்துப்போய் பலவீனமாயின. பசையிலிருந்த ஹெக்ஸேன் நரம்புகளைப் பாதித்திருந்தது தெரியவந்தது.

இன்னொரு ஆபத்து நெருப்பு. பூஜை அறை விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி, கேஸ் அடுப்பு என எந்தச் சின்னப் பொறியும் இந்த ஆவியைப் பற்ற வைத்துவிடும்.

மாற்று வழி இருக்கா?

இருக்கிறது. அதுவும் ஒன்றுக்கு மூன்று!

முதலாவது, பசையே வேண்டாம். ஒன்றோடு ஒன்று ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும் வினைல் பலகைகள் கிடைக்கின்றன. தரை மேடு பள்ளம் இல்லாமல் சமமாக இருந்தால் போதும்.

இரண்டாவது, தன் கனத்திலேயே படிந்து கிடக்கும் தடித்த ரகங்கள். ஓரங்களில் மட்டும் இரு பக்கமும் ஒட்டும் டேப் போட்டால் ஆயிற்று.

மூன்றாவது, முழுக்க ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால், தண்ணீர் கலந்த அக்ரிலிக் பசை. பெரும்பாலும் பால் போல வெள்ளையாக இருக்கும். ஈரமாக இருக்கும்போதே தண்ணீர்த் துணியால் துடைத்துவிடலாம். லேசான வாடை இருக்கும். ஆனால் தீப்பற்றும் பயம் இல்லை. டப்பாவில் நெருப்புப் படம் இருந்தால் அது கரைப்பான் பசை என்று புரிந்துகொள்ளுங்கள். ஆவியாகும் ரசாயனத்தின் அளவை ‘விஓசி’ என்று குறிப்பிட்டிருப்பார்கள். அது லிட்டருக்கு 50 கிராமுக்குக் கீழே இருப்பது நல்லது.

“அது காய லேட்டாகும் சார், பிடிக்காது” என்பார் வேலையாள். லேட்டாவது நிஜம்தான். மழைக்காலத்தில் இன்னும் தாமதமாகும். ஒரு நாள் கூடினால் கூடட்டுமே! ‘பிடிக்காது’ என்பதற்குக் காரணம் பெரும்பாலும் தரையின் ஈரம். முதல் நாளே ஒன்றரை அடி சதுர பாலிதீன் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டிவிடுங்கள். மறுநாள் பிரித்துப் பார்த்து, உள்ளே நீர் கோத்திருந்தால் ஒட்டாதீர்கள். முதலில் ஈரத்தைச் சரிசெய்யுங்கள்.

ஷீட் வாங்கும்போது...

வினைலை வளையச் செய்ய ‘தாலேட்’ என்னும் ரசாயனங்களைச் சேர்ப்பது வழக்கம். இவை மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் கலக்கின்றன. வீட்டுத் தூசியில் இவை அதிகம் இருப்பதற்கும் குழந்தைகளின் ஆஸ்துமா, தோல் அலர்ஜிக்கும் தொடர்பு தெரிவதாக 2004-ல் ஸ்வீடன் ஆய்வு ஒன்று சொன்னது. ஐரோப்பிய யூனியன் 2020 ஜூலை முதல், வீட்டு உபயோகப் பொருட்களில் இவற்றில் நான்கு வகைகளுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. எனவே ‘தாலேட் இல்லாதது’ என்று எழுதியிருக்கிறதா, ‘ஃப்ளோர் ஸ்கோர்’ அல்லது ‘க்ரீன்கார்ட்’ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பழைய வினைல் டைல்ஸைப் பெயர்ப்பதாக இருந்தால் கூடுதல் ஜாக்கிரதை! 1980-கள் வரை தயாரானவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். உடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். நன்றாக ஒட்டியிருந்தால் அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் புதியதைப் போடலாம்.

மறக்காதீங்க!

* வேலை நடக்கும்போதும், அடுத்த மூன்று நாட்களும் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஏ.சி. வேண்டாம்.

* குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாக்காரர்கள் அந்த நாட்களில் வேறு வீட்டில் தங்கட்டும்.

* கரைப்பான் பசைதான் என்றால் அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது. நடுவில் மின் சுவிட்சைத் தட்டாதீர்கள்.

* மிச்சப் பசையையோ தின்னரையோ தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை தவறிக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

* யாருக்காவது தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்கு அழைத்து வாருங்கள்.

* வேலையாளுக்குக் கையுறை கொடுங்கள். அடிக்கடி வெளியே வந்து காற்று வாங்கச் சொல்லுங்கள்.

புதுத் தரையில் உங்கள் குழந்தை தவழ்வது எத்தனை அழகு! அதை ஒட்டிக் கொடுத்தவரும் தலைவலி இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தால், அந்த அழகு இன்னும் கூடும்தானே?