ஃபேர் ஐல் தீவின் மாலைப் பதிவேடு

ஸ்காட்லாந்தின் வடகோடியில், ஆர்க்னிக்கும் ஷெட்லாந்துக்கும் நடுவே உள்ள சிறு தீவு ஃபேர் ஐல். ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் 1948-இல் அங்குப் பறவை ஆய்வகம் தொடங்கினார். வலசைக் காலத்தில் பணியாளர்கள் நாள்தோறும் தீவைச் சுற்றிப் பறவைகளை எண்ணுவார்கள். மாலையில் அனைவரும் கூடி, ஒவ்வொரு பறவையின் பெயராக வாசித்து, கண்ட எண்ணிக்கையைப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். அரிய பறவைக்கு மட்டுமல்ல, அன்றாடம் காணும் பறவைக்கும் அதில் இடமுண்டு.

கடற்பறவைகள் குறைவதை நினைவைக்கொண்டு நிறுவ முடியாது. ஆண்டுதோறும் ஒரே முறையில் எடுத்த கணக்கே அதைக் காட்டும். 2019 மார்ச்சில் ஆய்வகக் கட்டடம் தீக்கிரையானது. பதிவுகள் முன்பே கணினியில் ஏற்றப்பட்டிருந்ததால் தப்பின.

நம் மாணவர்களும் தேதி, நேரம், இடம், பெயர், எண்ணிக்கை எனக் கட்டமிட்டு எழுதலாம். பெயர் உறுதியில்லையெனில் ‘தெரியவில்லை’ என்றே எழுதட்டும். தேடியும் காணாத நாளில் சுழியம் இடட்டும். பின்னாளில் ஒப்பிட அதுவும் தேவை.