இருந்தும் எட்டாத நினைவகம்

வடக்கனந்தல் பக்கத்திலுள்ள கோமுகி அணையை எண்ணிக்கொள்ளுங்கள். மதகின் அடிமட்டத்துக்கு மேலுள்ள நீர் தானே வாய்க்காலில் பாயும். அதற்குக் கீழே கிடப்பதும் நீர்தான். ஆனால் இறைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இயந்திரங்களுக்குள் பதித்து வைத்த பழைய 32 பிட் கணிப்பொறிகளிலும் இதே நிலைதான். 32 இலக்க இரும எண்ணால் குறிக்கக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. அதாவது 4 கிகாபைட். லினக்ஸ் வழக்கமாக அதில் 3 கிகாபைட்டைப் பயனர் நிரல்களுக்கு விட்டு, 1 கிகாபைட்டையே கெர்னல் எனும் தன் மைய நிரலுக்கு வைத்துக்கொள்கிறது. துணைக்கருவிகளுக்கும் அதற்குள்ளேயே முகவரி வேண்டும். ஆகவே ஆர்ம் செயலிகளில் கெர்னல் நேரடியாகத் தொடக்கூடியது ஏறத்தாழ முக்கால் கிகாபைட்தான். 2 கிகாபைட் பொருத்தியிருந்தால் மிச்சம் என்னாவது? 4 கிலோபைட் கொண்ட பக்கம் பக்கமாகத் தற்காலிக முகவரி கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெற வேண்டும். இதற்கு ‘உயர் நினைவகம்’ என்று பெயர். லினக்ஸில் இந்த ஏற்பாடு சேர்ந்தது 1999இல்.

64 பிட் செயலிகளுக்கு இந்த இறைப்பு வேண்டியதில்லை. ஆனாலும் அதற்கான நிரல்வரிகள் கெர்னல் எங்கும் பரவிக் கிடப்பதால், புதிதாக எழுதுவோரும் அதை மனத்தில் வைத்தே எழுதவேண்டியிருக்கிறது. படிப்படியாக நீக்கிவிடலாம் என்கிறார்கள் லினக்ஸை வளர்ப்போரில் பலர். நியாயந்தான். ஆனால் ஆலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருப்பதைக் கைப்பேசி போல அடிக்கடி மாற்ற முடியுமா? நீக்கிய பின் அதன் நினைவகத்தில் பாதிக்கு மேல் வீணாய்க் கிடக்குமே!

இடைவழி ஒன்று உண்டு. 3க்கு 1 என்ற பங்கீட்டை 2க்கு 2 ஆக்கலாம். மதகைத் தாழ இறக்குவது போல. அப்போது 2 கிகாபைட்டில் பெரும்பகுதி நேரடியாகக் கிடைக்கும். ஒரே நிரல் 2 கிகாபைட்டுக்கு மேல் முகவரி கேட்டால்தான் தொல்லை. 4 கிகாபைட் பொருத்தியவற்றுக்கோ இதுவும் போதாது. பழைய கெர்னலையே வைத்துக்கொண்டு, அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்வரை ஓட்ட வேண்டியதுதான்.