‘அடைப்பு இல்லை’ என்பது பாதி பதில்

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் வெள்ளாறு நிரம்பி நிற்பதைப் பார்த்துவிட்டு, கடைமடை வயலிலும் தண்ணீர் ஏறியிருக்கும் என்று எந்த விவசாயியும் முடிவுகட்ட மாட்டார். வாய்க்கால் தூர்ந்திருக்கலாம், கன்னி வாய்க்காலில் புல் மண்டியிருக்கலாம். இதய விஷயத்தில் மட்டும் நாம் அணைக்கட்டோடு திரும்பிவிடுகிறோம். நெஞ்சுவலிக்காகச் சிதம்பரமோ புதுச்சேரியோ போய் ஆஞ்சியோகிராம் எடுத்து, ‘அடைப்பு இல்லை’ என்ற அறிக்கையோடு ஊர் திரும்பியவருக்கு மறுபடி வலித்தால், ‘வாயுக்கோளாறு’, ‘மனக்கவலை’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். பெண்கள் இதை அதிகம் கேட்கிறார்கள். ஆஞ்சியோகிராமில் தெளிவாகத் தெரிபவை சுமார் அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழாய்கள்தாம். அதற்குக் கீழே உள்ள நுண்தமனிகளும், சிவப்பணு நெருக்கிக்கொண்டு நுழையும் 5 முதல் 10 மைக்ரான் தந்துகிகளும் படத்தில் வருவதே இல்லை. தசைக்கு எவ்வளவு ரத்தம் போகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இந்தச் சின்னக் குழாய்களே.

இவ்வளவு சின்னதை அளந்து என்ன ஆகப்போகிறது? குழாயின் விட்டம் பாதியானால் ரத்தம் சந்திக்கும் தடை இரண்டு மடங்கல்ல, 16 மடங்கு ஆகும். பத்தில் ஒரு பங்கு சுருங்கினாலே ஒன்றரை மடங்கு. ஆகவே அளவில் சிறு பிழையும் கணக்கைக் கவிழ்த்துவிடும். நுண்ணோக்கியில் வைக்கும் மெல்லிய தசைச் சீவல் ஏமாற்றுவது இங்கேதான். முருங்கைக்காயைச் சாய்வாக நறுக்கினால் வட்டம் நீள்கிறதல்லவா, அப்படிச் சாய்வாக வெட்டுப்பட்ட குழாய் உள்ளதைவிட அகலமாகத் தெரியும். அது எதிலிருந்து கிளைத்தது என்பதும் தெரியாது. முப்பரிமாணம் தேவைப்படுவது இதனால்தான். 1993-ல் கசான் கசாப் என்ற ஆய்வாளரின் குழுவினர் பன்றி இதயத்தின் தமனிகளில் சிலிக்கோன் குழம்பைச் செலுத்தி, இறுகியதும் தசையைக் கரைத்தெடுத்தார்கள். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக்காரர்கள் அச்சில் களிமண் குழம்பு ஊற்றுவதை அறிந்தவர்களுக்கு இது புரியும். என்ன, இங்கே இதயமே அச்சு, அதுவும் ஒருமுறைக்குத்தான். கிடைத்த மரம் போன்ற வார்ப்பையும், அதைவிட நுண்ணிய குழாய்களை நுண்ணோக்கியிலும் அளந்து, தந்துகி முதல் 11 படிகள் வரை பிரித்தார்கள். இன்று அச்சும் தேவையில்லை. பிரான்சின் கிரனோபிளில் உள்ள சிங்க்ரோட்ரான் எனும் துகள்முடுக்கியின் எக்ஸ்-கதிரில் இரண்டு மனித இதயங்களை முழுசாகப் படமெடுத்து 2024-ல் வெளியிட்டார்கள்: முழு இதயம் 20 மைக்ரான் நுணுக்கத்தில், வேண்டிய இடத்தில் 2 மைக்ரான் வரை.

இவை உயிரற்ற இதயங்கள், உயிருள்ள குழாய் சுருங்கி விரியும் என்பது நியாயமான ஆட்சேபம். வரைபடம் ஓட்டத்தைக் காட்டாது; எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டும். ஓட்டத்தை உயிரோடு இருப்பவரிடமே மெல்லிய கம்பி உணரியைத் தமனிக்குள் செலுத்தி அளக்க முடிகிறது. மாரடைப்பிலேயே நேரத்துக்குச் சிகிச்சை கிடைக்காதவர்கள் இருக்கையில் இது எதற்கு என்பது இன்னொரு கேள்வி. பெரிய அடைப்புக்குத்தான் முதலிடம், அதில் தகராறில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைத் தரும் தமிழக அரசின் 2023-ஆம் ஆண்டு ‘இதயம் காப்போம்’ திட்டம் சரியான வரிசையில்தான் போகிறது. ஆனால் ஸ்காட்லாந்தில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். நெஞ்சுவலி இருந்தும் பெரிய அடைப்பு இல்லாத 151 பேருக்கும் இந்தக் கம்பிச் சோதனை நடந்தது. ஒரு பிரிவினரின் முடிவை மட்டும் மருத்துவர்களுக்குச் சொன்னார்கள். 6 மாதத்தில் அந்தப் பிரிவினருக்கே வலி நன்றாகக் குறைந்திருந்தது. கொடுத்தவையோ புது மருந்துகளல்ல, எங்கும் கிடைக்கும் பழைய மாத்திரைகள். அறிக்கை சுத்தமாக வந்தும் நடக்கும்போது நெஞ்சு இறுகினால், ‘சின்னக் குழாய்களில் கோளாறு இருக்குமா?’ என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.