ஒரு கால் குறைந்த பெயர்

போன மாதம் என் மேசைக்கு வந்த மெய்ப்பு, ஷேக்ஸ்பியர் நாடகக் கதைகளின் தமிழாக்கம். மொழிபெயர்த்தவர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர்; இன்றும் பேனாவால்தான் எழுதுகிறார். ‘சிம்பலின்’ கதையில் வரும் அரசன் மகளை அவர் ‘இன்னோஜன்’ என்று எழுதியிருந்தார். மெய்ப்பில் எல்லா இடத்திலும் ‘இமோஜன்’. டி.டி.பி. செய்த பெண்ணைக் கேட்டேன். “நெட்ல பாத்தேன் சார், இமோஜன்னுதான் போட்டிருக்கு. கைதவறி எழுதிட்டாருன்னு ரீப்ளேஸ் ஆல் குடுத்துட்டேன்” என்றாள்.

பேராசிரியருக்குப் போன் போட்டேன். கோபப்படுவார் என்று பார்த்தால் சிரிக்கிறார். “நானூறு வருஷத்துக்கு முன்னால லண்டன்ல நடந்தது இப்ப உங்க பிரஸ்ல நடந்திருக்கு” என்றார்.

ஷேக்ஸ்பியர் 1616இல் இறந்தார். 1623இல் அவருடைய நடிக நண்பர்கள் ஹெமிங்ஸும் காண்டெலும் 36 நாடகங்களைத் திரட்டிப் பெரிய புத்தகமாக அச்சிட்டார்கள். அதில் கடைசி நாடகம் ‘சிம்பலின்’. அதற்கு முன் அது அச்சேறியதில்லை. அந்தப் புத்தகத்தில்தான் இமோஜன் என்ற பெயர் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. ஆனால் 1611இல் சைமன் ஃபோர்மன் என்ற சோதிட வைத்தியர் இந்த நாடகத்தை மேடையில் பார்த்துவிட்டுத் தன் குறிப்பேட்டில் கதையை எழுதிவைத்திருக்கிறார். அவர் காதில் விழுந்தது இன்னோஜன். ஷேக்ஸ்பியர் கதை எடுத்த ஹாலின்ஷெட் வரலாற்று நூலிலும் ஆதி அரசன் புரூட்டின் மனைவி இன்னோஜன்தான். 1600இல் அச்சான ‘மச் அடோ அபௌட் நத்திங்’ நாடகத்தில் லியோனாட்டோவின் மனைவியாக ஓர் இன்னோஜன் மேடைக்கு வருகிறாள். பாவம், பேசுவதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. சிம்பலின் மகளின் கணவன் பெயர் லியோனாட்டஸ். இந்த ஜோடிப் பெயர் ஷேக்ஸ்பியர் மனதில் வெகுநாளாகவே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு எப்படி மாறியது? அக்காலக் கையெழுத்தில் ‘என்’ என்ற எழுத்துக்கு இரண்டு குச்சி, ‘எம்’முக்கு மூன்று. இரட்டை ‘என்’ வந்தால் நாலு குச்சி வரிசையாக நிற்கும். கண் ஒன்றை விழுங்கிவிட்டால் மூன்று. இன்னோஜன் இமோஜன் ஆகிவிடுவாள். அந்தக் கம்பாசிட்டரை நான் குறைசொல்ல மாட்டேன். நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடு. பரணியா பாணியா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அச்சு வந்த பிறகும் இந்த ஆபத்து தீரவில்லை. ஈய எழுத்துக் காலத்தில், மணமகன் பரணியைப் பாணி என்று விட்டு, ஐந்நூறு பத்திரிகையை என் சம்பளத்தில் மறுபடி அடித்தவன் நான்.

எல்லா இடத்திலும் இமோஜன் என்றே இருப்பதால் ஷேக்ஸ்பியரே மாற்றியிருப்பார் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. எனக்கு அது பெரிய வாதமாகப் படவில்லை. ஒரு பெயரை முதல் பக்கத்தில் தப்பாகப் படித்தவன் கடைசிப் பக்கம் வரை அப்படியேதான் படிப்பான்.

இன்னோஜன் என்பதற்கு வேர், ‘மகள்’ அல்லது ‘பெண்’ என்று பொருள்படும் பழைய கேலிக் சொல்லாக இருக்கலாம் என்பார்கள். இமோஜனுக்கோ அச்சுக்கூடம்தான் தாய்வீடு. ஆனாலும் வாழ்ந்துவிட்டாள். வீண்பழி சுமந்து, ஆண் வேடத்தில் அலைந்து, கணவனை விட்டுக்கொடுக்காத அந்தக் கதாநாயகியை விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலேயர்கள் கொண்டாடினார்கள். 1896இல் எலன் டெரி அந்த வேடம் கட்டினார். மேடையிலிருந்து பெயர் தொட்டிலுக்கு இறங்கியது. புகைப்படக் கலைஞர் இமோஜன் கன்னிங்ஹாம் 1883இல் அமெரிக்காவில் பிறந்தார். இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1907இல் பிறந்த தன் மகளுக்கு இந்தப் பெயரை வைத்தார். இமோஜன் ஹோல்ஸ்டும் இசையமைப்பாளரானார். அமெரிக்காவில் வாலில் ஓர் எழுத்தைக் கூட்டி ‘இமோஜீன்’ ஆக்கிக் கொஞ்சகாலம் வைத்தார்கள். பிறகு அது பாட்டிகளின் பெயராகிவிட்டது. இங்கிலாந்தில் நடந்தது நேர்மாறு. நெடுங்காலம் அபூர்வமாகவே இருந்த பெயர், 2000களில் பெண்குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட நூறு பெயர்களில் ஒன்றாக இருந்தது.

அறிஞர்கள் பிழையைத் திருத்த எழுந்தது அதற்குச் சற்று முன்னால்தான். 1986இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு ‘இன்னோஜன்’ என்று அச்சிட்டது. 2016இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி இன்னோஜனை மேடையேற்றியது. அதே ஆண்டு லண்டன் குளோப் அரங்கம் நாடகத்தின் தலைப்பையே ‘இமோஜன்’ என்று மாற்றி நடத்தியது.

நம் புத்தகத்துக்கு எது என்று பேராசிரியரைக் கேட்டேன். “பிரதியில இருக்கிறபடி” என்றார். டி.டி.பி. பெண் மறுபடி ஒரு ரீப்ளேஸ் ஆல் கொடுத்தாள். இரண்டாம் மெய்ப்பில் இளவரசி எல்லா இடத்திலும் இன்னோஜன். முன்னுரைக்கு வந்தேன். அங்கே ஒரு வரி: “இசையமைப்பாளர் இன்னோஜன் ஹோல்ஸ்ட்.”