பிஜிஎம்ஐ வார மிஷன்: இந்த ராத்திரியே முடிக்கணுமா?

எண்ணிக்கைக்குக் கூலி என்பது சிவகாசிக்குப் பழகிய கணக்கு. பட்டாசு ஆலையில் எத்தனை சரம் பின்னினோம் என்று பார்த்துத்தான் சம்பளம்.

செல்போனில் ஆடும் பிஜிஎம்ஐ-யிலும் இதே கணக்குதான். ‘இந்தத் துப்பாக்கியால் இத்தனை பேரை வீழ்த்து’, ‘இந்த மேப்பில் இத்தனை நிமிடம் தாக்குப்பிடி’ என வாராவாரம் மிஷன்கள் வரும். முடித்தால் பாயின்ட். பாயின்ட் சேரச் சேர ராயல் பாஸ் லெவல் ஏறும். புது டிரெஸ், துப்பாக்கி ஸ்கின் கிடைக்கும்.

ஒரே வித்தியாசம், இங்கே வேலை பார்ப்பவரே காசும் கொடுக்கிறார். நல்ல பரிசுகள் எல்லாம் பணம் கட்டி பாஸ் வாங்கியவர்களுக்குத்தான். ‘கட்டின காசு வீணாகிடுமே’ என்ற பதற்றத்தில்தான் பலர் விடிய விடிய ஆடுகிறார்கள்.

உண்மையில் அந்த அவசரமே தேவையில்லை. ராயல் பாஸ் வார மிஷன்களை சீசன் முடியும்வரை முடிக்கலாம். ஒரே ஆட்டத்தில் இரண்டு, மூன்று மிஷன்களைச் சேர்த்தும் முடிக்கலாம்.

பெற்றோர் கவனத்துக்கு: 2023 மே மாதம் இந்த கேம் இந்தியாவுக்குத் திரும்பியபோது, 18 வயதுக்குக் கீழானவர்களுக்கு தினமும் 3 மணி நேரம் என்ற வரம்போடுதான் வந்தது. பிள்ளையின் உண்மையான வயதைப் பதிவு செய்தால்தான் அந்தப் பூட்டு வேலை செய்யும்.